குந்தா வஹினியின் அறைக்காக ஒரு வேண்டுகோள்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும், நம் சாளின் மூன்றாம் மாடிக்கே மூத்தவரான வசந்தராவ் மயேகர் காகா அவர்களே! சத்யநாராயண பூஜையை ஒரு மந்திரமும் விழுங்காமல் நடத்திவைத்த பட்ஜி அவர்களே! குழாயடியில் ஒரு குரலாகவும் கோயிலடியில் ஒரு குரலாகவும் பேசத் தெரிந்த, ஆனால் இன்று பாய் விரித்து மௌனமாக அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் வாலிபர்களே! நான்கு மாடிக் கட்டைகளிலும் சாய்ந்து எட்டிப் பார்க்கும் என் சொந்தங்களே! கிர்காவின் இந்தச் சந்தில் ஒரே கூரையின் கீழ் ஒதுங்கி, ஒரே சுவரின் இருபக்கமும் ஒற்றை அறைகளில் உறங்கி எழும் மால்பேகர் சாளின் குடித்தனக்காரர்கள் அனைவருக்கும், குடித்தனக்காரர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் உங்கள் சரயுவின் வணக்கம்.

கையில் இருக்கும் சீரா பிரசாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். கைதட்ட வேண்டாம். வழக்கமாக இந்த மேடையில் ஏறினால் நான் என்ன செய்வேன்? வீட்டுக்காரர் கர்ணிக்கை நாலு வார்த்தை கேட்பேன், நீங்கள் தட்டுவீர்கள், நான் இறங்குவேன். கர்ணிக்கைத் திட்டிக் கைதட்டல் வாங்குவது சுலபம். இன்று எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டாம். இன்று நான் பேச வந்திருப்பது நம்மோடு. நம்மைப் பற்றி.

பெரியோர்களே! இந்த மாநிலத்தில் வாடகை வீட்டுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. மழைக்கு ஒழுகும் கூரையைச் செப்பனிட வேண்டியது உன் கடமை என்று வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே சொல்வது எது? அந்தச் சட்டம்! கோபம் வந்தால் குழாயை அடைக்காதே, குரோதம் வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்காதே என்று தடுப்பது எது? அந்தச் சட்டம்! குடித்தனக்காரன் கண்ணை மூடினால், அவனோடு வாழ்ந்தவளைத் தெருவில் தள்ளாதே, அந்த அறை இனி அவளுக்கு என்று அரவணைத்து நிற்பது எது? அதே சட்டம்! சதானந்த் பரப் மாரடைப்பில் போனபோது, அவர் மனைவி, நமக்கெல்லாம் அண்ணியான குந்தா வஹினி தன் அறையிலேயே தலை நிமிர்ந்து இருக்க முடிந்ததே, அது யார் போட்ட பிச்சையும் அல்ல. சட்டம் தந்த உரிமை.

ஆனால் அந்தச் சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அது நம்மைப் பார்த்தும் பேசுகிறது. கேட்காமல் சுவர் எழுப்பாதே என்கிறது. அறையை அடுத்தவனுக்கு உள்வாடகைக்கு விடாதே என்கிறது. வாழ்வதற்காகக் கொடுத்த அறையை வாழாமல் பூட்டிப் போடாதே என்கிறது. இதில் என்ன அநியாயம் இருக்கிறது? ஒன்றுமில்லை. நியாயம்தான்.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். அறையை எவ்வளவு காலம் பூட்டி வைத்தால் வீட்டுக்காரர் வழக்குப் போடலாம்?

கேட்டீர்களா! நாலு மாடியும் ஒரே குரலில் சொல்கிறது, ஆறு மாதம் என்று! இந்தச் சாளில் பேசத் தொடங்கிய குழந்தைக்கும் அது தெரியும். பிறந்த தேதியை மறந்தவர்கள்கூட ஆறு மாதத்தை மறப்பதில்லை. கொங்கணத்து ஊருக்குப் போனவர்கள், நாற்று நட்டதும் நடாததுமாக ராத்திரி வண்டியைப் பிடித்து ஓடிவந்து, நாலு புடவையை நனைத்து வராந்தாக் கட்டையில் காயப் போட்டு, கர்ணிக்கின் காவல்காரன் பார்த்துவிட்டான் என்று தெரிந்தபிறகு அடுத்த வண்டிக்குத் திரும்பிப் போன கதை எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது! சிரிக்காதே திகம்பர், உன் வீட்டில்தான் அதிகம் நடந்தது.

ஆறு மாதம் நமக்குத் தெரியும். அந்த ‘ஆறு மாதம்’ என்ற சொல்லுக்கு முன்னால் சட்டத்தில் இன்னும் சில சொற்கள் இருக்கின்றன. அவை என்னவென்று யாருக்காவது தெரியுமா? இல்லை. எனக்கும் போன வாரம் வரை தெரியாது. அதைச் சொல்வதற்குமுன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் மாம்பழக் காலம். விடிகிற நேரம். ஊரிலிருந்து குந்தா வஹினிக்குப் போன் வந்தது. மாமியார் பாகீரதி ஈரப் படியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. அந்த மாமியாரை நமக்கெல்லாம் தெரியும். இந்தச் சாளில் அவர் வாயில் விழாதவர் எவரும் இல்லை, அதிகமாக விழுந்தது வஹினி. ஆனாலும் அவள் ஒரு நொடி யோசிக்கவில்லை. பையை எடுத்தாள், சாவியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பிரமிளா காகுவின் கையில் வைத்தாள். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். அவர்கள் பேசியது அப்படியே காதில் இருக்கிறது.

"காகு, சாமிக்கு ஒரு வெளக்கு போட்டுருங்க. தண்ணி வர்ற நேரத்துக்கு டிரம்ம ரொப்பி வைங்க. கதவத் தெறந்து கொஞ்சம் காத்தாட விடுங்க."

"அட, போய்த் தொலையேண்டி. எனக்குத் தெரியாதா? அந்தக் கெழவி திட்டினா திருப்பித் திட்டாத. எலும்பு ஒடைஞ்சவ."

"எப்ப திட்டிருக்கேன் காகு?"

"அதான் சொல்றேன், இப்பவும் ஆரம்பிக்காதேன்னு!"

இப்படித்தானே நாம் ஒருவரையொருவர் வழியனுப்புகிறோம்!

நான் மருத்துவமனையில் காலமெல்லாம் நர்சாக இருந்தவள். வயதானவர்களின் இடுப்பெலும்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். படுத்த இடத்தில் புண் வராமல் புரட்டிப் போட வேண்டும். மலம் எடுக்க வேண்டும். ஊட்டினால் துப்புவதைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்ட வேண்டும். அங்கே கொழுந்தன் இருந்தான், அவன் மீன்பிடிப் படகோடு கடலுக்குப் போய்விடுவான். வேறு பெண் துணை இல்லை. வஹினி தினமும் எனக்குப் போன் செய்து, "சரயு அக்கா, இடது பக்கம் சாய்ச்சா அலறுறாங்க, எப்பிடி பண்ணட்டும்?" என்று கேட்பாள். பின்னாலிருந்து கிழவியின் குரல் எனக்கும் கேட்கும்.

"யாருட்ட பேசுற? அந்த ரூமப் பூட்டிட்டு வந்து எம் பக்கத்துல என்னத்துக்கு ஒக்காந்திருக்க? ஆறு மாசம் ஆச்சுன்னா கர்ணிக் புடுங்கிருவான்டி! கெளம்பு!"

"நீங்க எழுந்து நடங்க, நான் கெளம்புறேன்."

"நான் எங்கடி நடக்கப்போறேன்!"

அவர் நடக்கவில்லை. மழை வந்து போனது, கணபதி வந்து கரைந்தார், தீபாவளியும் கழிந்தது. நெல் அறுத்த வாரத்தில் அந்தத் தாய் மருமகளின் மடியில் உயிரை விட்டார். கடைசியாகப் பேசியதும் இந்த அறையைப் பற்றித்தான் என்று வஹினி சொன்னாள். காரியமெல்லாம் முடித்து அவள் இந்தப் படியேறி வந்தபோது, வாசற்கதவில் அன்று காலையில் ஒட்டிய நீதிமன்ற அழைப்பு இருந்தது. ஆறு மாதத்துக்குமேல் அறை புழங்கவில்லை, ஆகையால் காலி செய்ய வேண்டும் என்று கர்ணிக் வழக்குப் போட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மூன்றாம் மாடி வராந்தா கொதித்தது. கொதித்தவர்களில் நானும் ஒருத்தி. "விடுவோமா?" என்றோம். "நாங்க இருக்கோம் வஹினி!" என்றோம். மூன்று பேர் சாட்சி சொல்ல முன்வந்தார்கள். என்ன சொல்வது என்று எவரும் கூடிப் பேசவில்லை. அவரவர் அன்புக்கு எட்டியதை அவரவர் சொல்வது என்று போனார்கள். அன்பில் குறையே இல்லை. அதில்தான் வினையே வந்தது.

போன வாரம் விசாரணை. நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதலில் கூண்டில் ஏறியவர், மன்னிக்க வேண்டும், நம் தலைவர் அவர்கள். காகா, உங்களைக் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். சொல் என்றீர்கள். சொல்கிறேன்.

"குந்தா எங்கயும் போகல. தெனமும் காலைல எனக்கு டீ குடுத்தது அவதான்" என்றார் காகா. சத்தியம் செய்த கை இன்னும் கீழே இறங்கவில்லை. வீட்டுக்காரரின் வக்கீல் மெதுவாகக் கேட்டார்.

"சக்கரை போட்டா, போடாமலா?"

"ரெண்டு கரண்டி போட்டு!"

"ஐயா, உங்களுக்குச் சக்கரை வியாதின்னு இங்க உக்கார நாற்காலி கேட்டப்போ நீங்கதானே சொன்னீங்க?"

சிரிப்பு வருகிறதா? அன்று நீதிமன்றத்திலும் சிரித்தார்கள். காகாவின் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள்.

அடுத்தது பிரமிளா காகு. காகா சறுக்கியதைத் தூக்கி நிறுத்துகிறேன் என்று போனார். "ரூம்ல ஒரு சாயங்காலம்கூட வெளக்கு இல்லாம இருந்ததில்ல. என் கையாலயே ஏத்திருக்கேன்!" என்றார்.

"வீட்டம்மா இருக்கும்போது நீங்க ஏன் ஏத்தினீங்க?"

பதினாறு வீட்டுச் சண்டையைத் தனியாளாகச் சமாளிக்கும் காகு அன்று விறுவிறுவென்று கூண்டைவிட்டு இறங்கிவிட்டார்.

மூன்றாவது திகம்பர் பாஞ்சால். "ரூம் பூட்டியே இல்லீங்க! என் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த ஜனமெல்லாம் அங்கதான் படுத்துது. பொண்ணுக்கு அலங்காரம் பண்ணுனதுகூட அங்கதான்!" என்றான் பெருமையாக. வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"சரி. அப்போ அறைய வெளியாளுங்க கையில குடுத்துட்டுப் போயிருக்காங்க. இது போதும்."

பார்த்தீர்களா! விளக்கேற்றியது குற்றமா? கல்யாண விருந்தாளிக்குப் பாய் போட்டது குற்றமா? பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது, அறையைக் கைவிடுவதாகுமா? ஆகவே ஆகாது! எந்த நீதிபதியிடமும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லக்கூடிய வழக்கம் அது. ஆனால் "அவள் எங்கும் போகவில்லை" என்ற ஒரு பொய்யை முன்னால் நிறுத்திய பிறகு, பின்னால் வந்த உண்மையெல்லாம் அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

வெளியே வந்தோம். நம்மவர்கள், பிரமாதமாகச் சொன்னோம் என்று ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். நம் வக்கீல் அம்மா மட்டும் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட ஏன் யாருமே நெஜத்தச் சொல்லல?" என்று கேட்டார். "சட்டத்துல வெறும் ஆறு மாசம்னு போடலியே. தகுந்த காரணம் இல்லாம ஆறு மாசம் புழங்காம இருந்தான்னுதானே போட்டிருக்கு! படுக்கைல கெடந்த மாமியாரப் பாத்துக்கப் போனத விடத் தகுந்த காரணம் வேற என்ன வேணும்? நெஜத்த மட்டும் சொல்லியிருந்தா நான் தலை நிமிர்ந்து வாதாடியிருப்பேனே!"

தகுந்த காரணம் இல்லாமல்! இந்தச் சொற்கள்தான் என் மக்களே, எனக்கும் தெரியாத, உங்களுக்கும் தெரியாத சொற்கள். தகப்பன் காலத்திலிருந்து ஆறு மாதத்தை நினைத்து நடுங்கினோம், ஆனால் அதற்கு முன்னால் நின்ற சொற்களை ஒருநாளும் வாசிக்கவில்லை. பயந்தோம், பதறினோம், பதறியதில் பொய் சொன்னோம். எதைச் சொன்னால் அவள் பிழைப்பாளோ, அதை மறைத்துவிட்டு வந்தோம்.

சரி, இன்னும் கெட்டுப்போகவில்லை என்றார் வக்கீல் அம்மா. திங்கட்கிழமை குந்தா வஹினி கூண்டில் ஏற வேண்டும். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னால் வழி இருக்கிறது. ஊர் மருத்துவர் வந்து சொல்லத் தயாராக இருக்கிறார். படகை நிறுத்திவிட்டுக் கொழுந்தனும் வருகிறான். இதைச் சொல்ல நான் ஓட்டமாக மூன்றாம் மாடிக்குப் போனேன். வஹினி என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? ஜன்னல் திரையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷினைச் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"என்னடி இது?"

"ரூமக் குடுத்துடலாம்னு இருக்கேன் அக்கா."

"பைத்தியமா ஒனக்கு? உண்மையச் சொன்னா போதும்ங்கறாங்க!"

"நான் உண்மையச் சொன்னா காகா பொய்யராயிடுவாரே. காகுவும் திகம்பரும் கோர்ட்ல பொய் சொன்னவங்கன்னு ஆயிடுமே. எனக்காக ஏறுனவங்கள நானே காட்டிக் குடுக்கவா?"

"எங்கடி போவ?"

அவள் திரையை இன்னொரு மடிப்பு மடித்தாள். ஊர் வீடு கொழுந்தனுடையது, இரண்டு பேர் படுத்தால் மூன்றாமவர் உட்கார வேண்டும். பிள்ளை குட்டி இல்லை. பிறந்த வீடு எப்போதோ போனது. அவளுக்கு உலகத்தில் இருப்பது இந்த ஒரே அறை. அதை விட்டுவிட்டு, நம் மூன்று பேரின் மானத்தைக் காப்பாற்ற அவள் மூட்டை கட்டுகிறாள்.

என் உறவுகளே! இதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா? அவளைக் காப்பாற்றப் போன நாம், அவளை வெளியே அனுப்பும் கூட்டமாக ஆகலாமா? கர்ணிக் அவளைத் துரத்தினால் அவரோடு சண்டை போடுவோம். நம் பொய்யே அவளைத் துரத்தினால் யாரோடு சண்டை போடுவது? இந்த முற்றத்தில் சற்றுமுன் சத்தியத்தின் பெயரால் பூஜை செய்தோம். சொன்ன சொல்லை மறந்த வணிகனின் கதையைப் பட்ஜி படித்தபோது எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டிவிட்டு எழுந்து போவதற்கா அந்தக் கதை?

ஆகையால் மூன்று பேரிடமும், கை கூப்பிக் கேட்கிறேன். திங்கட்கிழமை அவள் வாய் திறப்பதற்குமுன் நீங்கள் வாய் திறக்க வேண்டும். நாங்கள் தவறாகச் சொன்னோம், திருத்திச் சொல்ல அனுமதியுங்கள் என்று நீதிபதியிடம் கேட்க வேண்டும். நீங்கள் அவளை விடுவிக்காமல் அவள் உண்மை பேச மாட்டாள்.

யாரது பின்னால் கேட்பது? சத்தமாகக் கேள் தம்பி. "பொய் சாட்சின்னு புடிச்சு உள்ள போட்டா?" நல்ல கேள்வி. நியாயமான பயம். கேட்பதற்குமுன் தானே முன்வந்து திருத்திக்கொண்டால் நீதிபதி அதை வேறு கண்ணால் பார்ப்பார் என்று வக்கீல் அம்மா நம்புகிறார். ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. பொய்யான ஒரு தைரியத்தை உங்களுக்குக் கொடுத்து, இன்னொரு முறை உங்களைக் கூண்டில் ஏற்ற மாட்டேன். ஆபத்து இருக்கிறது. தெரிந்துதான் கேட்கிறேன்.

என்ன காகு? சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும். "இந்த வயசுல போலீசு என்ன வந்து பாக்கட்டுமா?" என்கிறார். கோபப்படுங்கள் காகு, உங்களுக்கு அந்த உரிமை உண்டு. உங்களை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். இன்றே பதில் சொல்லவும் வேண்டாம்.

ஒரு நிமிடம். தலைவர் எழுந்திருக்கிறார். யாராவது அவர் கையைப் பிடியுங்கள். வேண்டாம் என்கிறார். ஒலிபெருக்கியும் வேண்டாமாம். அமைதி, அமைதி! மேல்மாடியில் கேட்காதவர்களுக்காக அவர் சொல்வதை நான் திருப்பிச் சொல்கிறேன். அவர் என்னோடு பேசவில்லை, தாய்மார்கள் பக்கம் பார்த்துப் பேசுகிறார்.

"குந்தா, அந்த மூட்டையப் பிரிம்மா. திங்கக்கெழம நீ ஏறுறதுக்கு முன்னாடி நான் ஏறுறேன்."

வஹினி எழுந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வேணாம் காகா, ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்கிறாள்.

"ஆனா ஆகட்டும். நீ இல்லாத ரூமத் தாண்டித்தானே நான் தெனமும் தண்ணிக்குப் போவணும்? அது என்னால ஆகாது."

போதும் காகா, உட்காருங்கள். திகம்பர் கை தூக்குகிறான். பார்க்கிறேன் திகம்பர், பார்த்தேன். பிரமிளா காகு இன்னும் தலை குனிந்துதான் இருக்கிறார், யாரும் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

என் சொந்தங்களே, நான் தயாரித்து வந்த பேச்சு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதை இனிப் பேசத் தேவையில்லை. திங்கட்கிழமை காலையில் முதல் தண்ணீர் பிடித்ததும் கீழ்ப்படிக்கட்டில் கூடுவோம். கூட்டமாகப் போய்க் கூச்சல் போட அல்ல, காகா கூண்டில் ஏறும்போது அவர் திரும்பிப் பார்த்தால் நம் முகங்கள் தெரிய வேண்டும் என்பதற்காக. தலைமை தாங்கிய காகாவுக்கும், இவ்வளவு கசப்பையும் இனிப்புப் பிரசாதத்தோடு சேர்த்து விழுங்கிய உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பத்திரமாகப் படி ஏறுங்கள். வணக்கம்.